சாக்குக்குள் மூன்று படிக்கல்

போன மாதம் இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் மருதமுனையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். கடைகளின் தராசுகளையும் படிக்கற்களையும் அளவைகளையும் சோதித்து அரசாங்க முத்திரை குத்துவதுதான் அவர்கள் வேலை. நானும் அந்த வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றேன். பேச்சுவாக்கில் ஒருவர் சொன்னார்: “சேர், இப்ப தராசெல்லாம் கறண்டில ஓடுது. உள்ளுக்கு என்ன செஞ்சு வச்சிரிக்காங்க எண்டு கண்டுபிடிக்கக் கொம்பியூட்டர் படிச்சிரிக்கணும். உங்கட காலத்தில களவு லேசு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்துக் களவு லேசாக இருந்ததே இல்லை. அதைச் செய்தவர்கள் அவ்வளவு சிரமப்பட்டுச் செய்தார்கள். அந்தச் சிரமத்தை நேர்மையான வியாபாரத்தில் போட்டிருந்தால் இரண்டு மடங்கு சம்பாதித்திருப்பார்கள். அவர்கள் போன பிறகு, இதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. கொழும்பில் சில மாதம் பயிற்சி. அங்கே கற்றதில் முக்கியமானது இரண்டுதான். ஒன்று, முத்திரைச் சுத்தியலை எப்படிப் பிடித்தால் பெருவிரல் தப்பும் என்பது. மற்றது, எந்தக் கடையிலும் எதையும் வாங்கித் தின்னக்கூடாது என்பது. பிறகு கல்முனையில் நியமனம். சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை என்று வாப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். எனக்கு அது அவ்வளவு சுகமாக இருக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் சொந்தக்காரர். சோதிக்கப் போகும் இடமெல்லாம் ஒரு மாமாவோ மச்சானோ தராசுக்குப் பின்னால் நிற்பார்.

போதாக்குறைக்கு அது இறாத்தல் போய்க் கிலோ வந்த காலம். “ரெண்டு இறாத்தல்தானே சேர் ஒரு கிலோ?” என்று நல்ல மனதோடு கேட்டவர்களும் இருந்தார்கள். அது அப்படியல்ல, கிலோ இன்னும் கொஞ்சம் கூட என்று நன்றாகத் தெரிந்துகொண்டே கேட்டவர்களும் இருந்தார்கள். யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

நான் தனியாகப் பிடித்த முதல் மோசடி ஒரு மீன் சந்தையில். எறும்புதான் பிடித்துக் கொடுத்தது. ஒரு மீன் வியாபாரியின் தராசுத் தட்டில், மீன் வைக்கும் பக்கத்தில் மட்டும், வரிசையாக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. “மீனுக்கு வருது சேர்” என்றார். அப்போது தட்டில் மீனே இல்லை. தட்டைத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருந்தது தொதல். நல்ல கறுத்த, எண்ணெய் வழியும் பெருநாள் தொதல்! களிமண்ணும் மெழுகும் ஒட்டினால் நாங்கள் தேடுவோம் என்று தெரிந்து, தின்பண்டத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று யோசித்திருக்கிறார். வழக்குப் போட்டபோது நீதவான் என் அறிக்கையை இரண்டு முறை வாசித்தார். பிறகு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் மேலதிகாரி மட்டக்களப்பைச் சேர்ந்த அரசரெத்தினம் ஐயா. மெலிந்த உயரமான மனிதர். வெள்ளைக் காற்சட்டை. பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை. ஒன்று முகம் துடைக்க, மற்றது படிக்கல் தூக்க. இரண்டையும் அவர் மாற்றி எடுத்து நான் பார்த்ததில்லை. விரலில் உள்ள வியர்வை பட்டாலே சோதனைக் கல்லின் நிறை மாறிவிடும் என்பார். கடைக்குள் நுழைந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கடைக்காரர் ஏதாவது விளக்கம் சொல்லத் தொடங்கினால், விரலை உயர்த்தி மெதுவாகச் சொல்வார்: “பொறுங்க அண்ணன். தராசு கதைக்கட்டும்.”

தேநீரை வீட்டிலிருந்து போத்தலில் கொண்டு வருவார். கடைக்காரர் கொடுக்கும் சோடாவைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் கண்முன்னாலேயே தன் தேநீரை மூடியில் ஊற்றிக் குடிப்பார். எனக்கும் ஒரு வாய் தருவார். சீனி போடாத தேநீர். அவர் பேனையை எடுத்தபோது பயப்படாத முதலாளிமார் அந்தப் போத்தலைத் திறந்ததும் பயந்தார்கள். இந்த மனிதரிடம் எதுவும் நடக்காது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த கதை.

கல்முனைக்குத் தெற்கே, வயற்பக்கமாகப் போகும் ஓர் ஊரில் ஆதம்பாவா முதலாளி என்ற நெல் வியாபாரி இருந்தார். வசதியானவர், தாராளமாகக் கதைப்பவர், யார் வீட்டுக் கலியாணத்திலும் முன்வரிசையில் இருப்பவர். அந்தச் சுற்றுவட்டார விவசாயிகளில் பெரும்பாலானோர் அறுவடை முடிந்ததும் அவருடைய களஞ்சியத்துக்குத்தான் நெல் கொண்டு போவார்கள். அங்கே ஒரு மேடைத் தராசு இருந்தது. அந்த வருடம் அதைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான்தான்.

மேடைத் தராசைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மூட்டையைக் கீழே உள்ள பலகையில் வைப்பார்கள். மேலே ஒரு நீண்ட இரும்புக் கை இருக்கும். அதன் நுனியில் ஒரு வட்டக் கல்லைத் தொங்கவிட்டால் அது கீழே உள்ள ஐம்பது கிலோவுக்குச் சமன். ஆனால் அந்தக் கல்லின் சொந்த நிறை அரைக் கிலோதான். மிச்ச நிறைக்கு, கையின் மேலே நகரும் ஒரு சிறு குண்டு. சோதிப்பதற்கு ஒழுங்கு உண்டு. முதலில் தராசு மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெறும் பலகையோடு கை நேராக நிற்க வேண்டும். பிறகு எங்கள் இருபது கிலோ இரும்புக் கற்களைப் பலகையின் நடுவில் வைத்து, பிறகு நாலு மூலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். தராசு முள்ளுப்போல் நின்றது. முத்திரையைக் குத்திச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாரிப் போக அறுவடை முடிந்த பிறகு ஒரு புதன்கிழமை காலை, கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் சுலைகா. கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு இருக்கிறார். இரண்டு வருடமாக மூன்று ஏக்கர் வயலை இவர்தான் பார்க்கிறார்.

நான் கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை.

“நீங்கதானே முதலாளிட தராசுக்கு முத்திர போட்ட சேர்?”

“ஓம் ராத்தா” என்றேன். அக்கா முறையான பெண்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

“அந்த முத்திரதான் எனக்கு எதிரி.”

நடந்தது இதுதான். சுலைகா ராத்தா வீட்டில் மரைக்காலால் அளந்து கட்டும் நெல், முதலாளியின் தராசில் ஒவ்வொரு மூட்டைக்கும் குறைந்தது. முதல் போகம் பொறுத்துக்கொண்டார். இந்தப் போகம் ஒரு காரியம் செய்தார். கூட்டுறவுச் சங்கக் கடைத் தராசில் இரண்டு மூட்டையை நிறுத்து, அதே வண்டியில் நேரே களஞ்சியத்துக்குக் கொண்டு போனார். மூட்டைக்கு நாலு கிலோ குறைந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“என்ன சொன்னார் முதலாளி?”

“நெல்லு காயுமாம். காஞ்சா நிறை குறையுமாம். வண்டியில சிந்துமாம். அரை மைல் வாறத்துக்குள்ள நாலு கிலோ காயுறத்துக்கு என்ட நெல்லென்ன ஐஸ்கட்டியா சேர்?” என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது. “மறுகா உங்கட சேட்டிபிக்கட்ட எடுத்து எல்லாருக்கும் காட்டினாரு. கவுமேந்து முத்திர போட்ட தராச ஒரு பொம்புள குறை சொல்றா எண்டு சிரிச்சாங்க.”

அதோடு விடவில்லை. தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக முதலாளி பள்ளிவாசல் நிர்வாகத்திடம் முறையிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சபை கூடும். சுலைகா ராத்தா சொன்னதை நிரூபிக்க வேண்டும், அல்லது தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஆளனுப்பி ஒப்புக்கொள்ள வேண்டும். அதிலிருந்து அவருடைய நெல்லை ஏற்ற எந்த வண்டிக்காரரும் வரவில்லை. முதலாளியைப் பகைக்க யாருக்கு மனம் வரும்? இருபது மூட்டை நெல் வீட்டு வளவில் கிடந்தது. அன்று காலையும் மேகம் கறுத்துத்தான் இருந்தது.

“அவர் சொல்றாரு, மன்னிப்புக் கேட்டுட்டுப் போயேன் எண்டு” என்றார். கணவரைச் சொல்கிறார். “படுத்துக் கிடக்கிற மனிசன், பாவம், வேற என்ன சொல்லுவாரு? நான் பொய் சொல்லல்ல சேர். சொல்லாத பொய்க்கு என்னெண்டு மன்னிப்புக் கேக்கிற?”

எனக்கு உள்ளுக்குள் சூடாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். என் கையெழுத்தைக் காட்டி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அப்போதே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனேன். முதலாளி வாசலில் நின்று வரவேற்றார். “வாங்க சேர், வாங்க. சோதியுங்க, எத்தின தரமும் சோதியுங்க.” சோதித்தேன். தராசில் ஒரு குற்றமும் இல்லை. என் மோட்டார் சைக்கிளின் சத்தம் அரை மைலுக்கு முன்னாலேயே ஊருக்குக் கேட்கும் என்பது திரும்பி வரும்போதுதான் புத்தியில் பட்டது.

அரசரெத்தினம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் போத்தலைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றினார்.

“தம்பி, நீ சோதிச்ச தராசு சரி. அவர் நெல்லு நிறுக்கிறது நீ பாத்த கல்லால இல்ல. தொங்கவிடுற கல்லுல ரெண்டு செட் வச்சிருக்கிறார் போல. உனக்கு ஒண்டு, ஊருக்கு ஒண்டு.”

“அப்ப திடீரெண்டு போய்ப் பிடிப்பம் ஐயா.”

“எப்பிடித் திடீரெண்டு போவாய்? உன்ட சைக்கிள் வாறது அங்கால கோமாரி ஊருக்கே கேக்குது. களஞ்சியத்துக்குள்ள கால் வைக்கக்குள்ள கல்லு மாறியிரும். அவர் நிறுத்து முடிஞ்ச பிறகு நாம போகவேணும். நிறுத்தது பிழை எண்டு அந்த இடத்திலயே காட்டவேணும். நெல்லை வச்சுக் காட்டினாக் கோட்டில எடுபடாது. காஞ்சிது, சிந்திப்போச்சு எண்டு லோயர் எழும்பி நிப்பார்.”

நான் போய் வரும்வரை காரியாலயத்திலேயே காத்திருந்த சுலைகா ராத்தா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். காரியாலயத்தின் மூலையில் எங்கள் இருபது கிலோ இரும்புக் கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“ஐயா, இரும்பு காயுமா?”

ஐயா தலையை நிமிர்த்தினார்.

“சிந்துமா?” என்றார் மறுபடியும். “காயாது, சிந்தாது எண்டா, இதுல மூணக் கொண்டு போய் என்ட சாக்குக்குள்ள வைங்க. வெளியில நெல்லக் கொட்டித் தைச்சித் தாறன். அவரு நிறுக்கட்டும்.”

நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடச் சேவையில் அவர் இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று தெரிந்தது. கூடவே அவருடைய வேதனையும் தெரிந்தது. விரல் படக் கூடாத கற்கள். அவற்றை நெல்லுக்குள் புதைப்பதா? விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாசித்தார். அரசாங்கத்தின் சோதனைக் கற்களைச் சாக்குக்குள் போடக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு கல்லையும் எண்ணெய்த் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றினார். வெளியே எடுத்துச் செல்லும் பொருட்களுக்கான பதிவேட்டில், “இரும்புக் கல் இருபது கிலோ, மூன்று” என்று எழுதினார். “வைக்கப்படும் இடம்” என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. சிறிது யோசித்து, “சாக்கு” என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

வியாழன் காலை மூட்டை தயாரானது. நடுவில் மூன்று கல், நிறை ஏறாமல் சாக்கை நிரப்பச் சுற்றிலும் உமி, ஓரத்திலும் வாயிலும் நல்ல நெல். பார்ப்பதற்கு மற்ற மூட்டை போலத்தான் இருந்தது. எங்கள் தராசில் வைத்து நெல்லைக் கூட்டிக் குறைத்து, சரியாக எழுபது கிலோவுக்குக் கொண்டு வந்தோம். ராத்தா தன் கையாலேயே சாக்கைத் தைத்தார்.

வண்டிக்கு ஆள் வேண்டும். கோமாரியிலிருந்து மாற்றலாகி வந்த தம்பிராசா என்ற சிற்றூழியர் எங்களிடம் இருந்தார். வந்து ஒரு கிழமைதான். முதலாளி அவரைப் பார்த்ததில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறினார். எழுபது கிலோ மூட்டையைத் தூக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது என்று ஐயா அவருக்கு மூன்று முறை சொன்னார். “நெல்லு மூட்டையும் எழுபது கிலோதானே ஐயா?” என்று தம்பிராசா கேட்டார். ஐயா நாலாவது முறையும் சொன்னார். அந்தளவுக்குப் பதற்றத்தில் இருந்தார்.

களஞ்சியத்துக்கு எதிரே ஒரு தறிக் கொட்டகை இருந்தது. நானும் ஐயாவும் பின்பக்கத்தால் போய் அதற்குள் உட்கார்ந்துகொண்டோம். ஏழெட்டுத் தறி ஓடும் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்க்க மட்டும் முடிந்தது. நெசவாளர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஐயா வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, போத்தலைத் திறந்தார்.

வண்டி வந்து நின்றது. சுலைகா ராத்தாவைக் கண்டதும் களஞ்சியத்தில் இருந்த ஏழெட்டு விவசாயிகள் கதையை நிறுத்தினார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அதன் பிறகு நடந்த பேச்சைத் தம்பிராசாவும் மற்றவர்களும் பின்னர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

“பாத்தீங்களா, வந்திட்டா. ஊருல நெல்லு வாங்குற தராசு வேற எங்க இரிக்கி?” என்று முதலாளி சுற்றிவரப் பார்த்துச் சொன்னார்.

“ஓம் முதலாளி. முத்திர போட்ட தராசுதானே? நிறுங்க” என்றார் ராத்தா.

நெல்லின் தரம் பார்க்க மூட்டையைக் குத்தும் கூரான இரும்புக் குழல் ஒன்று உண்டு. முதலாளி அதை எடுத்து மூட்டையின் வயிற்றில் ஏற்றினார். பாதி போய் நின்றது. மறுபடி குத்தினார். டொக் என்றது.

தம்பிராசா தன் நெஞ்சும் அப்படித்தான் டொக் என்றது என்று சொல்வார்.

“என்ன புள்ள?” என்றார் முதலாளி. “உள்ளுக்குக் கல்லு கில்லு போட்டிரிக்கியா?”

ராத்தா கொஞ்சமும் அசையவில்லையாம். “உங்களுக்கு என்ட மூட்டையில சந்தேகம். எனக்கு உங்கட தராசுல சந்தேகம். முதல்ல நிறுங்க. மறுகா எல்லாருக்கும் முன்னால கொட்டிப் பாருங்க. பிழை எண்டா வெள்ளிக்கிழம வரைக்கும் என்னத்துக்கு? இப்பவே ஒப்புக்கொள்றன்.”

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. கல்லைப் போட்டு ஏமாற்ற வந்திருக்கிறாள், கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவரே வீதிக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டார். “எல்லாரும் வாங்க! சுலைகாட நெல்லப் பாக்க வாங்க!” தேநீர்க் கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வீதியில் போன சைக்கிள்கள் நின்றன. தறிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனார்கள். திடீரென்று வந்த அந்த அமைதியில் ஐயா போத்தலை மூடிய சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது. சாட்சிக்கு ஆள் தேட வேண்டுமே என்று முந்தின நாள் முழுவதும் கவலைப்பட்டிருந்தோம். முதலாளி எங்களுக்காக நாற்பது பேரைக் கூட்டிவிட்டார்.

தராசில் நிற்பவர் அசனார் என்ற வயதான மனிதர். மூட்டையைப் பலகையில் ஏற்றி, வட்டக் கல்லைத் தொங்கவிட்டு, குண்டை நகர்த்தினார். கை நேராக நின்றது.

“சத்தமாச் சொல்லு!” என்றார் முதலாளி.

“அறுவத்தாறு!”

எதிர்க் கொட்டகையில் இருந்த எங்களுக்கே கேட்டது. எழுபதில் நாலு போய்விட்டது. ஐயா எழுந்தார்.

நாங்கள் வீதியைக் கடப்பதற்குள் முதலாளி கத்தியால் தையலை அறுத்து மூட்டையைக் கவிழ்த்துவிட்டார். முதலில் நெல் கொட்டியது, பிறகு உமி பறந்தது. பிறகு எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்று உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. “பாருங்க, பாருங்க!” என்று சொல்லிக்கொண்டே குனிந்து துணியை அவிழ்த்தார். பளபளவென்று இரும்பு. அதன் மேல் இருபது கிலோ என்ற எழுத்து. பக்கத்தில் அரசாங்க முத்திரை. குனிந்தவர் நிமிரவில்லை.

“ஆதம்பாவா அண்ணன்” என்றார் ஐயா பின்னால் நின்று, எப்போதும்போல மெதுவாக. “கையால தொடாதீங்க. வியர்வை பட்டா நிறை மாறிடும்.”

கூட்டம் அப்படியே வழிவிட்டது. ஐயா இரண்டாவது கைக்குட்டையை எடுத்து மூன்று கற்களையும் துடைத்தார். தம்பிராசா அவற்றைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தார். மூன்று இருபது அறுபது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“அசனார் அண்ணன், இப்ப நிறுங்க.”

அசனார் தராசடிக்கு வந்தார். குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அது ஆறில் நின்றது.

“அம்பத்தாறு” என்றார். இந்த முறை சத்தமில்லை.

“தராசு பழுதாப் போயிட்டு” என்று முதலாளி தொடங்கினார். “நான் இண்டைக்கே...”

ஐயா விரலை உயர்த்தினார். தொங்கிய வட்டக் கல்லைக் கழற்றித் திருப்பி, பேனாக் கத்தியால் அடியில் சுரண்டினார். கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளையாக ஈயம் மின்னியது. ஒரு பெரிய நாணயத்தளவுக்கு ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். அதன் நிறை நாற்பது கிராம்தான். மேலே நாற்பது கிராம் கூடினால் கீழே நாலு கிலோ மறையும்.

“நான் முத்திர போட்ட கல்லு எங்க?” என்று கேட்டேன். என் குரல்தான் அங்கே பெரிய குரல். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி கீழே கிடந்த சாக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அசனார்தான் உள்ளே போய் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியைக் கொண்டுவந்து ஐயாவின் முன்னால் வைத்தார். “இந்தா இரிக்கி ஐயா. உங்கட சைக்கிள் சத்தம் கேட்டா மாத்தச் சொல்லுவாரு. எத்தின நாளைக்கு மாத்துற?” என்றார். அவர் முகத்தில் பயத்தை விட ஆறுதல்தான் தெரிந்தது.

கூட்டத்தில் யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுலைகா ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. கொட்டிய நெல்லைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தார். பத்துக் கிலோவும் இருக்காது. ஆனால் அது அவருடைய நெல்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு சபை கூடியது. முறையிட்டவர் வரவில்லை. சுலைகா ராத்தாவின் கணவரை நாலு பேர் கதிரையோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர் மனைவிக்காகப் பேச வந்தார். பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. “புள்ள சொன்னது உண்மை” என்று தலைவர் சொன்னார். அந்த மனிதர் திரும்பிப் போகும் வழியெல்லாம், கதிரையைத் தூக்கியவர்களிடம் அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

வழக்கில் முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் விதித்தார்கள், தராசைப் பறிமுதல் செய்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் தனியாக ஒரு தீர்வு சொன்னார்கள். அந்தப் போகம் வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் நாலு கிலோ நெல்லாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் வரிசை நின்றது. முதலாளி தன் கையாலேயே அளந்து கொடுத்தார். நிறுவையைப் பார்க்க நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் நாள் ஆள் குறைந்த நேரத்தில் அவரிடம் கேட்டேன். இவ்வளவு வசதி இருக்க, இது எதற்கு?

அவர் கோபப்படவில்லை. கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டார்.

“முதல்ல ஒரு கிலோதான் சேர். இறாத்தல் போய்க் கிலோ வந்த நேரம், ஆருக்கும் ஒண்டும் விளங்கல்ல. நானும் தெரியாத மாதிரி எடுத்தன். ஆரும் கேக்கல்ல. மறுகா ரெண்டு. அப்பயும் கேக்கல்ல. நாலு எடுக்கக்குள்ளதான் அந்தப் புள்ள கேட்டா.” பிறகு என்னைப் பார்த்தார். “முதல் கிலோவில ஆராவது கேட்டிருந்தா எனக்கு எவ்வளவு நல்லம்.”

என் வேலைக்காலம் முழுவதும் நான் பிடித்தவர்களில் இவ்வளவு நேராகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

பறிமுதல் செய்த தராசு சில மாதங்களில் ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்தவர் சுலைகா ராத்தா. அக்கம்பக்கத்து விவசாயிகள் மூன்று பேர் பங்கு சேர்ந்திருந்தார்கள். தன் வளவில் ஒரு கொட்டில் போட்டு, நெல் வாங்கி ஆலைக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கினார். தராசுக்குப் புது வட்டக் கல் செய்வித்திருந்தார். முத்திரை குத்த வரும்படி எனக்குக் கடிதம் வந்தது.

நான் போனபோது கொட்டிலுக்கு வெளியே ஏழெட்டு வண்டி நின்றது. ஆனால் யாரும் மூட்டையை இறக்கியிருக்கவில்லை. ஆட்கள் தராசைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய தராசு அல்லவா, பயம் போகவில்லை. அசனாரும் அங்கே நின்றார். ராத்தா அவரையே வேலைக்கு வைத்திருந்தார். இந்தத் தராசின் குணம் அவரைப்போல் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

ஒழுங்குப்படி சோதித்தேன். மட்டம் சரி, வெறும் பலகை சரி, நாலு மூலையும் சரி. மூன்று கல்லையும் வைத்தேன். அறுபது காட்ட வேண்டும். அறுபதும் இருநூறு கிராமும் காட்டியது. மீண்டும் வைத்தேன். அதேதான். வட்டக் கல்லைக் கழற்றித் திருப்பினேன். அடியில் அரத்தால் தேய்த்த புதுக் கீறல்.

“ராத்தா, இது ஆர் செஞ்ச வேலை?”

“நான்தான் சேர்” என்றார் உடனே. “அரத்தால ரெண்டு இழுவை இழுத்தன். எனக்குத்தானே நட்டம்? நெல்லுக் கொண்டு வாறவங்களுக்குக் கொஞ்சம் கூடக் காட்டட்டும். அப்பயாவது நம்புவாங்க எண்டு நினைச்சன்.”

“கூடக் காட்டினாலும் பிழைதான். முத்திர போட ஏலா.”

“அல்லாஹ்வே! எடுத்தாலும் குற்றம், குடுத்தாலும் குற்றமா?”

“தராசால குடுத்தாக் குற்றம். கையால எவ்வளவும் குடுங்க, நான் கேக்க மாட்டன்.”

அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் நிறையைச் சரிசெய்வதற்கென்றே கல்லின் அடியில் உள்ள சிறு குழியில் ஈயம் உருக்கி ஊற்றி, துளித் துளியாகச் சரிசெய்து, மறுபடியும் எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தேன். கை முள்ளுப்போல் நின்றது. முத்திரையைக் குத்தினேன். அவ்வளவு நேரமும் வண்டிக்காரர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுலைகா ராத்தா அவர்கள் பக்கம் திரும்பினார்.

“எல்லாருக்கும் கேட்டிச்சா? சேர் என்ட தராசையும் பிழை எண்டு சொல்லிட்டார். இனிப் பயமில்ல. இறக்குங்க மூட்டைய!”

முன்னால் நின்ற வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே முதல் மூட்டையைத் தோளில் தூக்கினார்.